ஜன்னலுக்குக் கீழே கருகிய புல்

தில்லியில் ஒருவர் வீட்டுத் தோட்டத்தில் புல் காய்ந்தால் என்னைக் கூப்பிடுவார்கள். புல் வளர்ந்தாலும் கூப்பிடுவார்கள், ஏன் இவ்வளவு வேகமாக வளர்கிறது என்று கேட்க. வீடுகளுக்குத் தோட்டம் போட்டுக் கொடுக்கும் ஒரு சின்ன கம்பெனியில் வாடிக்கையாளர்களின் புகார்களைக் கவனிப்பது என் வேலை. தோட்டம் போடுகிறவர்கள் மாலிகள். அதைப் படம் பிடித்து விளம்பரம் செய்கிறவர் முதலாளியின் மருமகன். திட்டு வாங்குகிறவள் நான்.

ரோஜாச் செடியில் முள் அதிகமாக இருக்கிறது என்று ஒரு அம்மாள் ஒருமுறை புகார் கொடுத்தார். விளம்பரத்தில் இருந்த பச்சை வேறு, வீட்டுக்கு வந்த பச்சை வேறு என்று இன்னொருவர் இரண்டு படங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து வாட்ஸாப்பில் அனுப்பினார். விளம்பரத்தில் இருந்தது கம்ப்யூட்டரில் பூசிய பச்சை என்று அவரிடம் எப்படிச் சொல்வது? "சரி சார், ஆள் அனுப்புகிறேன் சார்" என்று சொல்லிவிட்டு, போனை வைத்தபிறகு சுவரில் மாட்டியிருந்த காலண்டரை முறைத்துக்கொண்டிருந்தேன். எனக்குப் பொறுமை கிடையாது. பொறுமை இருப்பதுபோல் குரலை வைத்துக்கொள்ளத் தெரியும், அவ்வளவுதான்.

நான் சொல்ல வருவது என் கணவருக்கு முதுகில் ஆபரேஷன் ஆகி, அவர் வேலையை விட்டுவிட்டு வீட்டோடு படுத்திருந்த வருஷத்தைப் பற்றி. அந்த வருஷம் முழுக்க எங்கள் வீட்டு அடுப்பு எரிந்தது என் ஒருத்தி சம்பளத்தில்தான். இந்த வயதில் இன்னொரு இடத்தில் போய் நின்றால் யார் வேலை கொடுப்பார்கள் என்ற பயம் காலையில் பல் தேய்க்கும்போதே தொடங்கிவிடும். முதலாளிக்கும் அது தெரியும். தெரிந்தவர்கள் பேசுகிற தொனியே தனி.

ஜனக்புரியில் ஒரு தரைத்தள வீடு. மத்திய அரசில் பெரிய பதவியில் இருந்து ஓய்வு பெற்ற தமிழர் ஒருவர் வீட்டின் முன்பக்கத்தில் எங்களிடம் புல்வெளி போட்டிருந்தார். குளிர் முடிந்து வெயில் ஏறத் தொடங்கிய சமயத்தில், பாய் பாயாக வந்து விரிக்கிற கார்ப்பெட் புல்லைப் போட்டோம். எல்லா இடத்திலும் நன்றாகப் பிடித்தது. ஒரே ஒரு மூலையில் மட்டும் கருகியது. மாற்றினோம். மறுபடி கருகியது. மண்ணைக் கொத்திவிட்டு மாற்றினோம். அதுவும் கருகியது. அதே இடம், அதே அளவு, ஒரு முக்காலி வைக்கிற அகலம்.

அந்தப் பெரியவர் தினமும் கூப்பிட்டார். திட்ட மாட்டார். திட்டினால்கூடத் தேவலை. "ஏம்மா, அந்த இடம் இன்னும் பழுப்பாத்தான் இருக்கு. என்ன செய்யப் போறீங்க?" என்று கேட்டுவிட்டுப் பதிலுக்காகக் காத்திருப்பார். நான் என்ன சொன்னாலும், "அதை முந்தாநாளும் சொன்னீங்கம்மா" என்பார்.

எங்கள் கம்பெனியில் வாடிக்கையாளர் வாட்ஸாப்பில் 'ஓகே' என்று எழுதினால்தான் புகார் முடிந்ததாகக் கணக்கு. அவர் எழுதவே இல்லை. அவர் வசித்த காலனியிலேயே இன்னும் நிறைய வீடுகளுக்கு முதலாளி பேசிக்கொண்டிருந்தார். எல்லாரும் இந்தப் பெரியவரிடம் விசாரித்துவிட்டு, வேண்டாம் என்று விலகிக்கொண்டிருந்தார்கள்.

முதலாளி என்னை உள்ளே கூப்பிட்டார். "மேடம்ஜி, ஆப் கே மதராசி ஹைன், ஆப் ஹீ சம்பாலியே" என்றார். உங்கள் ஆள், நீங்களே சமாளியுங்கள் என்று அர்த்தம். தில்லியில் பிறந்து, பூசா ரோட்டுத் தமிழ்ப் பள்ளியில் படித்து, அவரைவிட நல்ல இந்தி பேசுகிறவள் நான். ஆனாலும் புகார் கொடுப்பவர் தமிழர் என்றால் நானும் பாதிக் குற்றவாளி. பிறகு அவர் காகிதங்களைப் பார்த்தபடியே மெதுவாகச் சொன்னார். அந்த வீட்டிலிருந்து இன்னும் ஒரு முறை புகார் வந்தால் நான் மறுநாள் வரவேண்டியதில்லை. அங்கே புல் போட்ட மாலியும்தான்.

மாலி பீகாரைச் சேர்ந்தவர்; அவருக்கு நான் தீதி, அக்கா, எனக்கு அவர் பையா, அண்ணன். வெளியே என்னைப் பார்த்ததும், "தீதி, நான் யூரியாவை அதிகமாகப் போட்டுவிட்டேன் என்கிறார்கள். சத்தியமாக இல்லை" என்று இந்தியில் சொன்னார். "தெரியும் பையா" என்றேன். எனக்கு ஒன்றும் தெரியாது.

மறுநாளே ஜனக்புரிக்குப் போனேன். பெரியவர் கேட்டிலேயே நின்றிருந்தார். இஸ்திரி போட்ட சட்டை, கையில் தொப்பி. என்னை நேராக அந்த மூலைக்கு அழைத்துப் போனார். ஒரு ஜன்னலுக்குக் கீழே, சுவரை ஒட்டி, அந்த வட்டம் சுட்ட அப்பளம்போலப் பழுப்பாக இருந்தது. ஜன்னல் சாத்தியிருந்தது. உள்ளே திரை.

"மத்த இடம் எப்படிப் போனாலும் பரவாயில்லம்மா. இந்த இடம் பச்சையா இருக்கணும்" என்றார்.

"ஏன் சார் இந்த இடம் மட்டும்?"

அவர் குரலைத் தாழ்த்தினார். ஜன்னலுக்கு அந்தப்பக்கம் அவருடைய மகன் இருந்தான். குருகிராமில் நல்ல வேலையில் இருந்தவன். வேலை போனது, வீட்டுக்கு வந்தான், அறைக்குள் போனான், கதவைச் சாத்திக்கொண்டான். அதன்பிறகு சரியாகப் பேசவில்லை. டாக்டர் மாத்திரை கொடுத்திருக்கிறார். வெயிலும் பச்சையும் கண்ணில் படட்டும், மெதுவாக வெளியே வருவான் என்றும் சொல்லியிருக்கிறார். அதற்காகத்தான் அவர் இந்தப் புல்வெளியையே போட்டார்.

"முதல்ல போட்டப்போ ஒருநாள் திரைய விலக்கிப் பாத்தாம்மா. நான் இங்கதான் நின்னுட்டிருந்தேன். என்னைப் பாக்கல, புல்லைப் பாத்தான்" என்றார். "அப்புறம் இது கருகிப்போச்சு. மறுபடி திரையப் போட்டுட்டான்."

அதுவரை அவர் எனக்கு ஒரு தொல்லை பிடித்த வாடிக்கையாளர். "பார்க்கிறேன் சார்" என்றேன். இந்த முறை அந்த வார்த்தையைச் சொல்ல வெட்கமாக இருந்தது.

சாயங்காலம் அவர் வாக்கிங் கிளம்பினார். நான் தரையில் உட்கார்ந்து அந்த மண்ணைக் கிளறினேன். மேலே வெள்ளையாகப் படிந்திருந்தது. தில்லிச் சுவர்களில் ஈரம் ஏறினால் வெள்ளையாகப் பூக்கும், மாலிகள் அதைப் பார்த்துப் பழகியவர்கள், அதனால் யாரும் இதைக் கவனிக்கவில்லை. நான் விரலில் எடுத்தேன். கரையாத ஒரு கல் கையோடு வந்தது. உப்பு. நம் வீடுகளில் ஜாடியில் போட்டு வைக்கிற கல்லுப்பு.

எனக்கு உடனே புரிந்துவிட்டது. புரிந்ததும் கோபம்தான் வந்தது. என் பிழைப்பே போகப் போகிறது, இந்த வீட்டிலேயே ஒருவர் உப்பைக் கொட்டிக்கொண்டிருக்கிறாரே என்று. நான் போகாமல் கார் நிறுத்தும் இடத்தில் நின்றேன். விளக்கு வைக்கிற நேரத்துக்கு அந்த வீட்டு அம்மாள் கையில் செம்போடு வெளியே வந்தார்.

ஒல்லியான உடம்பு. நெற்றியில் விபூதி. ஜன்னலுக்குக் கீழே வந்து, இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு, செம்பிலிருந்த தண்ணீரை அந்த வட்டத்தில் மெல்ல ஊற்றினார். சிந்தாமல், ஓடாமல், சரியாக அந்த வட்டத்துக்குள். நிமிர்ந்தபோது என்னைப் பார்த்துவிட்டார். செம்பை முந்தானைக்குள் மறைத்தார்.

"அம்மா, நான் புல்வெளி கம்பெனியிலேர்ந்து வந்திருக்கேன்" என்றேன். என் கோபம் அங்கேயே போய்விட்டது.

அவர் என்னை உள்ளே கூட்டிப் போனார். திருநெல்வேலிப் பேச்சு, இத்தனை வருஷத் தில்லியிலும் கரையாமல் இருந்தது. "அவியட்ட சொல்லிராதிய ம்மா. படிச்சவிய. ஏசுவாவ" என்றார். அவிய என்றது கணவரை.

"திருஷ்டி கழிக்கிறீங்களா?"

"ஆமாம்மா. அவன் என் முன்னால வந்து நிக்க மாட்டாம்லா. கதவு முன்னால நின்னு கதவத்தான் சுத்துதேன்."

மூடிய கதவை நான் பார்த்தேன். வாசலில் சாப்பாட்டுத் தட்டு, பாதி தொட்டது. இந்தக் கதவின் முன்னால் நின்று கை நிறைய உப்பை எடுத்துச் சுற்றி, அந்த அம்மாள் தினமும் அதைச் செம்புத் தண்ணீரில் கரைக்கிறார்.

"அத ஏம்மா புல்லுல ஊத்தணும்? பாத்திரம் தேய்க்கிற தொட்டியில ஊத்தலாமே."

"கால் படாத எடத்துல ஊத்தணும்லா. வெளியில ஊத்துனா ஊரான் பிள்ள மிதிச்சிரும். எம்பிள்ளைக்கு வந்தது அதுக்கு எதுக்கு? தொட்டியில ஊத்துனா வீட்டுக்குள்ளயே கெடக்கும். இந்த மூலைக்குத்தான் ஒருத்தரும் வாரதில்ல." பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டார். "பாத்தியளா, எப்படிக் கருகுது? அவ்வளவு கண்ணு ம்மா. அவன் மேல இருந்ததெல்லாம் எறங்கி அந்தப் புல்லுல விழுது. அது கருகக் கருக இவனுக்குத் தெளியும். அதப் பாத்துத்தான் நான் உசுர வச்சிட்டு இருக்கேன்."

உப்பு எந்தப் புல்லில் ஊற்றினாலும் கருகும் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. புகார்க்காரர்கள் எத்தனை பேருக்குப் புல்லைப் பற்றிப் பாடம் எடுத்திருக்கிறேன். அந்த அம்மாளிடம் ஒரு வரி சொல்ல முடியவில்லை. "டாக்டர் மாத்திரை?" என்று மட்டும் கேட்டேன். "அதும் குடுக்கேன் ம்மா. ஒண்ணும் விடல" என்றார்.

மெட்ரோவில் திரும்பும்போது யோசித்தேன். அப்பாவுக்கு அந்த இடம் பச்சையாக இருக்க வேண்டும். அம்மாவுக்கு அது கருக வேண்டும். இரண்டும் ஒரே பிள்ளைக்காக. நடுவில் என் வேலை. எனக்குச் சம்பளம் கொடுப்பது பச்சைக்குத்தான் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அப்படிச் சொல்லாவிட்டால் வீட்டுக்குப் போய் என் கணவர் முகத்தைப் பார்த்திருக்க முடியாது.

வழி இருந்தது. அந்த அம்மாளைத் தடுக்காமலே புல்லைக் காப்பாற்றுகிற வழி. அந்த வட்டத்தை ஆழமாகத் தோண்டி, மண்ணை அடியோடு மாற்றி, அடியில் சரளைக்கல் பரப்பி, துளை போட்ட ஒரு பைப்பை வைத்து சுவருக்கு வெளியே மழைநீர்க் கால்வாயில் விட்டோம். அந்த இடத்துக்கு மட்டும் நிறையத் தண்ணீர் விடச் சொல்லி மாலியிடம் சொன்னேன். ஊற்றுகிற உப்பு வேரில் தங்காமல் அடி வழியாக ஓடிவிடும். பெரியவரிடம், "அடியில மல்பா கிடந்தது சார், கட்டட இடிபாடு. அதான்" என்றேன். தில்லியில் எங்கே தோண்டினாலும் மல்பா கிடக்கும், யாரும் சந்தேகப்பட மாட்டார்கள். அவர் தலையை ஆட்டினார்.

மழையும் கைகொடுத்தது. புல் பிடித்தது. ஆவணியில் அந்த மூலைக்கும் மற்ற இடத்துக்கும் வித்தியாசம் தெரியவில்லை. பெரியவர் வாட்ஸாப்பில் 'ஓகே' என்று எழுதினார். முதலாளி எனக்கு ஒரு டப்பா லட்டு கொடுத்தார். அந்தக் காலனியில் வேறு வீடுகளும் எங்களிடம் வந்தன. மாலி என்னைப் பார்த்தால் கையெடுத்துக் கும்பிட்டார். வீட்டில் என் கணவருக்கு லட்டைப் பிட்டு ஊட்டிவிட்டு, நீண்ட நாளைக்குப் பிறகு நன்றாகத் தூங்கினேன்.

தோட்டம் சம்பந்தமாக அந்த வீட்டிலிருந்து இனி யாரும் கூப்பிட மாட்டார்கள் என்று இருந்தபோதுதான் அந்த அம்மாள் கூப்பிட்டார். மத்தியானம், ஆபீஸில் எல்லாரும் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். குரல் யாருக்கோ கேட்டுவிடுமோ என்று பயந்து பேசுகிற குரல்.

"ம்மா, புல்லு கருகவே மாட்டேங்கு."

நான் சாப்பாட்டு டப்பாவை மூடினேன்.

"நாளெல்லாம் பாக்கேன். ரெண்டு கை உப்பு எடுக்கேன், மூணு கை எடுக்கேன். பச்சையாவே நிக்கி. கண்ணு எறங்கலம்மா. எல்லாம் அவன் மேலயே கெடக்கு. நேத்துலேர்ந்து தட்டத் தொடல. நான் எந்தச் சாமிக்கு என்ன கொற வச்சேன்? நீங்க அதுக்குள்ள என்னமோ செஞ்சியளே, அத எடுத்துருங்கம்மா. உங்களுக்குப் புண்ணியமாப் போவும்."

எத்தனையோ புகார் கேட்டிருக்கிறேன். போட்ட புல் செழிப்பாக வளர்கிறது, அதை நிறுத்துங்கள் என்று யாரும் அழுததில்லை. "அம்மா, நல்லதுன்னு எடுத்துக்கங்க. கண்ணு எல்லாம் போயிடுச்சு, அதான் பச்சையா இருக்கு" என்று என் சாமர்த்தியத்தைக் காட்டிப் பார்த்தேன். "போயிருந்தா அவன் ஏம்மா கதவத் தெறக்கல?" என்றார். போனை வைத்தபிறகு காலண்டரைக்கூட முறைக்க முடியவில்லை.

சில நாள் தள்ளிப்போட்டேன். முடிந்துபோன புகார், நமக்கு எதற்கு என்று இருந்தேன். அவர் மறுபடி கூப்பிட்டார். அதற்கு மறுநாளும். பேசவில்லை, அழுதுகொண்டே இருந்தார். கடைசியில் எனக்கு வந்தது ஒரு பயம். என் வேலை போய்விடும் என்கிற பயத்தைவிடப் பெரிதாக, இந்தப் பொம்பிளை ஏதாவது செய்துகொள்வாள் என்கிற பயம்.

பராமரிப்புக்கு வந்திருக்கிறேன் என்று சொல்லி, பெரியவர் வாக்கிங் போகிற நேரத்தில் போனேன். சுவருக்கு வெளியே போய்க் குனிந்து, கால்வாயில் வந்து விழுகிற பைப்பின் வாயில் ஒரு பழைய துணியைத் திணித்தேன். தண்ணீர் கசியாத அளவுக்கு இறுக்கி, மேலே ஒரு செங்கல்லை வைத்தேன். மாலியிடம், அந்த மூலைக்கு இனித் தண்ணீர் வேண்டாம் என்றேன். அவர் என்னை ஒரு மாதிரிப் பார்த்தார். "தீதி, கருகிவிடுமே" என்றார். "கருகினால் உங்களை ஒன்றும் சொல்லவிட மாட்டேன். என் பெயரைச் சொல்லிக்கொள்ளுங்கள்" என்றேன். சொல்லும்போது தைரியமாகத்தான் இருந்தது. பஸ்ஸில் உட்கார்ந்ததும் வீட்டில் படுத்திருக்கிறவரிடம் என்ன சொல்லப் போகிறேன், அடுத்த மாத வாடகைக்கு எங்கே போகப் போகிறேன் என்று அழுகை வந்தது. பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெண் துப்பட்டாவின் நுனியால் விசிறினாள், வெயில் என்று நினைத்துக்கொண்டாள்போல.

மழை நின்று வெயில் கடுமையாக அடித்த நாட்கள். புல் கருகியிருக்கும் என்று நான் போகாமலே எனக்குத் தெரியும். அந்த அம்மாளின் போன் நின்றுபோனது. பெரியவரின் போன் எப்போது வரும் என்று ஒவ்வொரு மணி அடிக்கும்போதும் நம்பரைப் பார்த்தேன்.

ஒரு காலையில் வந்தது. முதலாளி பக்கத்து மேஜையில்தான் இருந்தார். "சொல்லுங்க சார்" என்றேன். பழகிய குரல் எனக்கு வரவில்லை.

"அந்த இடம் மறுபடி கருகிடுச்சும்மா."

"சார்…"

"பைப்புல துணி அடைச்சிருக்கு. பாத்தேன்."

முடிந்தது என்று நினைத்தேன். முதலாளியின் முகத்தைப் பார்க்காமல் மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டேன்.

"நான் எடுக்கலம்மா. அப்படியே விட்டுட்டேன்" என்றார் அவர். மூக்கை உறிஞ்சுகிற சத்தம் கேட்டது. "அந்த உப்ப யார் வாங்கிட்டு வர்றான்னு நினைக்கிறீங்க? இங்க பக்கத்துக் கடையில எல்லாம் தூள் உப்புதான். கல்லுப்புக்கு நான்தான் ஐ.என்.ஏ. மார்க்கெட் வரைக்கும் போறேன். விளக்கு வைக்கிற நேரத்துல வாக்கிங் போறதும் அதுக்குத்தான். நான் இருந்தா அவ சுத்த மாட்டா."

"அப்புறம் ஏன் சார் எங்களைக் கூப்பிட்டீங்க?"

"அவளை நிறுத்தச் சொல்ல என்னால முடியல. அந்த இடம் கருகினதப் பாத்து அவன் திரையப் போட்டதையும் என்னால பாக்க முடியல. ரெண்டும் நடக்கணும்னா நான் வேற யாரைக் கூப்பிடுவேன், சொல்லுங்க?"

பையன் எப்படி இருக்கிறான் என்று கேட்டேன்.

"அப்படியேதான் இருக்கான். மறுபடி பச்சையானப்பவும் திரைய எடுக்கல" என்றார். "அவதான் நேத்து ராத்திரி தூங்கினா. எத்தனையோ மாசமாச்சு அவ தூங்கிப் பாத்து."

முதலாளி என்ன என்பதுபோல் கையை ஆட்டினார். கேட்டாக வேண்டியதைக் கேட்டேன்.

"கம்ப்ளெயிண்ட் எழுதிக்கவா சார்?"

"வேண்டாம்மா" என்றார். "கருகட்டும்."